நம்ம ஊரில் ஒரு வரலாற்றுக் கூட்டம் போடுவது எப்படி?

நெல்லைப் பக்கம் நாங்கள் போட்ட முதல் கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் மைக்செட் ஆட்கள். பேச வந்தவர் குமரிக்கண்டத்தில் ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் ஆகியும் பாண்டியர் காலத்துக்கே வந்து சேரவில்லை. நடுவில் கரண்டும் போனது. அதற்குப் பிறகு பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தலைப்பு. 'பாண்டிய நாட்டு வரலாறு' என்று நோட்டீஸ் அடித்தால் யாரும் வர மாட்டார்கள். 'நம்ம வயலுக்கு வரும் தண்ணீர் எந்த அணையிலிருந்து வருது?' என்று போட்டுப் பாருங்கள். தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றையும் நம்பி ஒரு கூட்டம் ஊர்கள் இருக்கின்றன. நெல்லை டவுன்காரர்களுக்குச் சுலோசன முதலியார் பாலம் போதும். தினமும் அதில் ஏறித்தான் ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்கும் போய் வருகிறார்கள். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த ஒரு மனிதர் சொந்தக் காசைப் போட்டுக் கட்டி, 1843இல் திறந்த பாலம் அது என்றால் திரும்பிப் பார்ப்பார்கள். கூட்டம் மார்ச் மாதத்தில் என்றால் 1908 மார்ச் 13ஐத் தலைப்பாக வையுங்கள். வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்ததற்காக நெல்லை கொந்தளித்த நாள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். எந்தத் தெருவில் என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கினால் கூட்டம் நகராது.

அடுத்து நாள், இடம். பங்குனி முதல் வைகாசி வரை கோயில் கொடைத் திருவிழாக்கள். ரேடியோ குழாயோடு நீங்கள் போட்டி போட முடியாது. நடவு, அறுப்பு நாட்களையும் விட்டுவிடுங்கள். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி, நூலகம் அல்லது பள்ளிக்கூட அறை. ஐம்பது பேருக்கு மைக் வேண்டாம். மைக் இல்லாவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

பேச்சாளருக்கு நாற்பது நிமிடம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கையில் கடிகாரம் உள்ள ஆளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். கல்லூரி ஆசிரியர்தான் பேச வேண்டும் என்பதில்லை. வாய்க்காலில் நாற்பது வருடம் தண்ணீர் திருப்பிவிட்ட பெரியவருக்கு மேடைப் பேச்சு வராது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டால் அருவி மாதிரிக் கொட்டுவார்.

இனி முக்கியமான வேலை. 'வீட்டில் பழைய பத்திரம், ஓலை, போட்டோ இருந்தால் கொண்டுவாருங்கள்' என்று நோட்டீஸின் அடியில் ஒரு வரி போடுங்கள். ஓரமாக ஒரு மேசை, அதில் வெள்ளை வேட்டி விரிப்பு, ஒரு ஸ்கேல், செல்போன். அவ்வளவுதான். எங்களுக்கு மூன்றாவது கூட்டத்தில் ஒரு ஆச்சி மஞ்சள் பையில் ஓலைக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். "இதுல என்னமோ எழுதிருக்குய்யா, பாத்துச் சொல்லு." நிலம் விற்ற கிரய ஓலை. முதல் வரியிலேயே கொல்லம் ௲௬௰௧௵ தை௴ என்று இருந்தது. ௲ ஆயிரம், ௬௰௧ அறுபத்தொன்று, ௵ வருடம், ௴ மாதம். நம் பக்கத்துப் பழைய ஓலைகளில் கொல்லம் ஆண்டு ரொம்பச் சாதாரணம். ஆவணியில் வருடம் பிறக்கும். ஆவணியிலிருந்து மார்கழிப் பாதி, அதாவது டிசம்பர் வரை 824ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி வரை 825ஐயும் கூட்டினால் ஆங்கில வருடம் வந்துவிடும். தை என்பதால் 1061உடன் 825; அப்படியானால் 1886. "எங்க பூட்டன் காலம்" என்று ஆச்சி தானாகவே விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்.

ஓலையோ பத்திரமோ, அங்கேயே படம் எடுத்து, யார் வீடு என்று நோட்டில் எழுதி, கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'பாதுகாப்பாக வைத்திருக்கிறோம்' என்று வாங்கி வைக்கவே கூடாது. லேமினேஷனும் செலோடேப்பும் பத்திரத்துக்கு எமன். கிழிந்திருந்தால் கிழிந்தபடியே இருக்கட்டும்.

சில சமயம் யாராவது தோண்டும்போது கிடைத்த முதுமக்கள் தாழித் துண்டையோ காசையோ கொண்டுவருவார்கள். புதையல் பற்றி 1878இலேயே சட்டம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ தகவல் சொல்லச் சொல்லுங்கள், கிடைத்த இடத்தை மேலும் தோண்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி ஆதங்கப்படுகிறோம்.

இரண்டு மூன்று கூட்டம் ஆனதும் பழைய இடங்களைப் பார்க்க ஒரு நடை போடுங்கள். இருபது பேருக்கு மேல் வேண்டாம். சேரன்மகாதேவி மாதிரி கல்வெட்டு நிறைந்த ஊர் நல்ல தொடக்கம். கல்வெட்டுக்கு நேரே டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியாது. சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் அடியுங்கள். எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்து வரி வரியாக எழும்பி வரும். முதல்முறை பார்க்கிறவர் கட்டாயம் ஒரு சத்தம் போடுவார். முற்காலப் பாண்டியர் கல்வெட்டு வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் இருக்கும், தமிழ் படித்தவருக்கும் பிடிபடாது. சோழர் ஆட்சி வந்தபிறகு வெட்டியதில் நம் எழுத்துகள் சில அடையாளம் தெரியும். க, ட, ப என்று தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். மாவு, சாக்பீஸ், எண்ணெய் எதையும் தேய்க்க விடாதீர்கள். கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையால் மைப்படி எடுப்பதற்கு அனுமதியும் வேண்டும், பழகிய கையும் வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பேச்சு வேண்டாம், வேலை கொடுங்கள். எங்கள் பிள்ளைகள் டேப்பை எடுத்துக்கொண்டு, 2023 டிசம்பர் வெள்ளம் எந்த வீட்டில் எவ்வளவு உயரம் ஏறியது என்று ஆற்றோரத் தெருவில் அளந்தார்கள். ஒரு வீட்டில் தாத்தா, "அது கிடக்கட்டும், 1992இல் ஏறினதைப் பாரு" என்று கதவு நிலைக்கு மேலே கையைக் காட்டினார். அதையும் அளந்து எழுதிக்கொண்டார்கள்.

கடைசியாக டீ. கூட்டத்துக்கு முன்னால் கொடுத்தால் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். முடிந்தபிறகு, பருப்பு வடையோடு கொடுங்கள். மேடையில் வராத கதையெல்லாம் அங்கேதான் வரும், நோட்டை மூடிவிடாதீர்கள்.