கத்திரி வெயிலில் வேலையா? தண்ணீர் குடிக்கும் முறை

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். அதற்குள் உடம்பு வறளத் தொடங்கியிருக்கும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், சுமார் 200 மி.லி., குடியுங்கள். ஒரேயடியாக ஒரு சொம்பைக் குடித்தால் வயிறுதான் கனக்கும்.

வியர்வையோடு உப்பும் போகிறது. சட்டை முதுகில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். மதியம் உப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோ அவசியம்.

கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் நிழலுக்கு வந்து உப்பு சர்க்கரைக் கரைசலை மெதுவாகக் குடியுங்கள். கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணளவாகப் போட வேண்டாம். உப்பு கூடினால் ஆபத்து. மிஞ்சியதை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.

சிறுநீர் அடர்மஞ்சளானால் இன்னும் குடிக்க வேண்டும். சிறுநீரக, இதய நோயாளிகளுக்கு மருத்துவர் சொன்ன அளவுதான். பேச்சு குழறினால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.