கோடை விடுமுறையில் குடும்பத்தோடு உதகைக்கு: திட்டமிடும் முறை

மே மாதத்தில் மலர்க்கண்காட்சியும் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்வதால், உதகைப் பயணத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது தங்குமிடம் அன்று, நாள்தான். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் (இணையத்தில் பெறும் நுழைவு அனுமதி) கட்டாயமானது. 2025 கோடையில் நாளொன்றுக்கு, வார நாள்களில் 6,000 வாகனங்களும் வார இறுதியில் 8,000 வாகனங்களும் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. ஆகவே செவ்வாய், புதன் போன்ற நாள்களைத் தேர்ந்து, இ-பாஸ் கிடைத்த பிறகே அறைக்கு முன்பணம் கட்டுங்கள். அரசுப் பேருந்தில் செல்வோருக்கு இந்தக் கவலை இல்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் புறப்படும் மலை ரயில் 46 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்களைப் பற்றி ஏறும் பல்சக்கரப் பாதையில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறும் பகுதியே அதன் சுவை என்பதால், பொறுமையில்லாத சிறு பிள்ளைகள் இருந்தால் குன்னூரிலேயே இறங்கிவிடுவது என் யோசனை. முன்பதிவு தொடங்கும் நாளன்றே பயணச்சீட்டு எடுத்துவிட வேண்டும்.

உதகையில் ஒரு நாளுக்கு இரண்டு இடங்கள் போதும். 1848இல் உருவான தாவரவியல் பூங்காவுக்குத் திறந்தவுடன் சென்றுவிட்டு, கூட்டம் பெருகும்முன் வெளியேறுங்கள். பிள்ளைகள் படகு இல்லத்தை விட்டு எளிதில் வரமாட்டார்கள், அதற்கு அரை நாளை ஒதுக்குங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் புட்டிகளையும், மாலைக் குளிருக்குக் கம்பளி ஆடைகளையும் எடுத்துச் செல்லுங்கள். சீசனில் குன்னூர் வழியே ஏறி, கோத்தகிரி வழியே இறங்கும் ஒருவழிப் போக்குவரத்து நடைமுறைக்கு வரக்கூடும் என்பதால், திரும்பும் நாளில் மதியத்துக்குள் கிளம்பிவிடுவது நல்லது.