ஹெலிகாப்டரை அந்தரத்தில் நிறுத்தும்போது காற்று எந்தப் பக்கம்?
கீழே உள்ளது ராபின்சன் ஆர்44 போல, மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும் பிரதான சுழலி (ரோட்டார்) கொண்டவற்றுக்கு. சேத்தக், எச்125 வகைகளில் சுழலி எதிர்ப்பக்கம் சுற்றும். இடதையும் வலதையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன் காற்றுப்பையைப் பாருங்கள்; அது இல்லையென்றால் புல், புகை. மூக்கைக் காற்றுக்கு எதிராக வைத்து, ஸ்கிட் (அடியிலுள்ள தாங்குசட்டம்) 3 முதல் 5 அடி உயரத்தில் நிற்கும்படி தூக்குங்கள். எதிர்காற்றில் எஞ்சின் திறன் குறைவாகவே போதும், சைக்ளிக்கை (ஹெலிகாப்டரை முன்பின், பக்கவாட்டில் சாய்த்து நகர்த்தும் கைப்பிடி) சற்று முன்னே பிடித்தால் சரி. பின்காற்றில் அதையே பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும், வால் தாழும். உயரம் குறைவாக இருந்தால் வால் தரையில் தட்டிவிடும். மூக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால் 120 முதல் 240 பாகை வரையிலான காற்று, மூக்கைத் தன் பக்கம் திருப்பப் பார்க்கும். தொடக்கத்தில் மெதுவாகத் திரும்பும், பிறகு வேகமெடுக்கும். பெடலில் (வால் சுழலியின் விசையை மாற்றி மூக்கைத் திருப்பும் மிதி) கால் சும்மா இருக்கக் கூடாது.

பக்கக் காற்றுதான் உண்மையான தொல்லை. வலப்பக்கக் காற்று மூக்கை வலத்தே தள்ளுவதால் இடது பெடல் அதிகம் வேண்டும். இடப்பக்கக் காற்றோ (210 முதல் 330 பாகை), வால் சுழலி இடப்புறம் தள்ளும் காற்றோடு மோதும். உந்துவிசை ஏறி இறங்கும், கால் ஓயாமல் ஆட வேண்டிவரும். அதிலும் 285 முதல் 315 பாகைக்குள் பிரதான சுழலி கிளப்பும் காற்றுச் சுழல்கள் வால் சுழலிக்குள் புகும். ஆர்44 கையேடு எத்திசைக் காற்றிலும் 17 நாட் (மணிக்குச் சுமார் 31 கி.மீ.) வரை கட்டுப்பாடு நிரூபிக்கப்பட்டதாகச் சொல்கிறது. கற்பவர் அதற்கு வெகு கீழேயே பழகுவது நல்லது.

நின்ற இடத்தில் சுற்றிப் பழகும்போது முதலில் இடப்பக்கம் 90 பாகை திரும்புங்கள். அப்போது காற்று வலப்பக்கமாகிவிடும். இடது பெடல் அதிகம் தேவைப்படும் நிலை அதுதான். அங்கே பெடல் ஏறக்குறைய முட்டிவிட்டால் சுற்றை நிறுத்தி மூக்கைக் காற்றுக்கே திருப்புங்கள். கனம், வெப்பம், உயரமான இடம் மூன்றும் பெடலில் மிச்சமிருக்கும் அளவைத் தின்னும். சுழலி வேகம் 5 சதவீதம் விழுந்தால் வால் உந்துவிசை சுமார் 10 சதவீதம் போய்விடும்.

மூக்கு தானாக வலப்பக்கம் சுழலத் தொடங்கினால், இடது பெடலை முழுவதும் அழுத்தி விடாமல் பிடியுங்கள். வேகம் பிடிக்க சைக்ளிக்கை முன்னே தள்ளுங்கள். உயரம் இருந்தால் கலெக்டிவை (ஏற்றி இறக்கும் கைப்பிடி) குறையுங்கள். பதற்றத்தில் அதை மேலே இழுத்தால் முறுக்குவிசை (பிரதான சுழலியின் எதிர்விளைவாக உடலை வலப்பக்கம் திருப்புவது) கூடிச் சுழற்சி இன்னும் மோசமாகும். தரைக்கு அருகே சுழற்சி நிற்காவிட்டால் திராட்டிலை (எஞ்சின் விசைத் திருகு) மூடி, எஞ்சின் இல்லாமல் இறக்குவதே மிஞ்சும் வழி.