துனார் ஃபைல் மேனேஜரில் ஷார்ட்கட் திடீரென்று மாறிவிட்டதா? சரிசெய்வது இப்படித்தான்

மண்டபத்தில் மீன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் தம்பி கூப்பிட்டார். "அண்ணே, பேர் மாத்த எஃப்2 அடிச்சா புது ஃபோல்டர் வருது." தடைக்காலம் 61 நாளும் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதுதான் டீசல் பில், ஐஸ் பில்லை எல்லாம் ஸ்கேன் செய்து படகுவாரியாக அடுக்க நேரம் கிடைக்கும், அத்தனை ஃபைலுக்கும் பேர் மாற்ற எஃப்2 இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரிதான்.

அவருடையது லினக்ஸில் ஓடும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், அதுவும் பழையது. துனார் அதன் ஃபைல் மேனேஜர். அந்த டெஸ்க்டாப்பில் 'எடிட்டபிள் ஆக்சிலரேட்டர்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. அது இயங்கினால், மெனுவில் ஒரு வரிமேல் மவுஸ் நிற்கும்போது நாம் எந்தக் கீயைத் தட்டினாலும் அதுவே அந்த வரியின் ஷார்ட்கட் ஆகிவிடும், ஒரு வார்த்தை கேட்காது. முன்பு அந்தக் கீ யாரிடம் இருந்ததோ அதனிடமிருந்து பறிபோகும். 'கிரியேட் ஃபோல்டர்' மேல் மவுஸ் நின்றபோது எஃப்2-இல் கை பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் செட்டிங்ஸ், அப்பியரன்ஸ் போய், அங்கே செட்டிங்ஸ் டேபில் 'எடிட்டபிள் ஆக்சிலரேட்டர்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

அடுத்து துனாரில் ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோல்+ஹெச் அடித்தால் மறைந்தவை தெரியும். புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் துனார், அதற்குள் 'ஆக்செல்ஸ்' என்ற ஃபைல். ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு மவுஸ்பேட் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் திறங்கள், ஆனால் உடனே திருத்தாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: துனார் இந்த ஃபைலைத் தொடங்கும்போது மட்டுமே படிக்கும், ஜன்னலை மூடினாலும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம், நீங்கள் எழுதியதன் மேலேயே தன் பழைய நினைவை எழுதிவிடவும் கூடும். அதனால் ஃபைல் காப்பி ஏதாவது ஓடினால் முடியவிட்டு, டெர்மினலில் துனார் என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி, ஒரு சிறுகோடு, க்யூ போட்டு என்டர் தட்டுங்கள். இப்போதுதான் அது முழுதாக நிற்கும்.

சரி, இனி திருத்தலாம். அரைப்புள்ளியில் (;) தொடங்கும் வரிகளைத் துனார் பொருட்படுத்தாது, அவற்றுக்கு இயல்பான ஷார்ட்கட்டே நடக்கும். ஆகவே 'கிரியேட் ஃபோல்டர்', 'ரீநேம்' இரண்டு வரிகளின் தொடக்கத்திலும் அரைப்புள்ளி போட்டு சேவ் செய்யுங்கள். துனாரைத் திறந்தால் எஃப்2 பழையபடி பேர் மாற்றும், புது ஃபோல்டர் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+என்-க்குத் திரும்பும்.

2022 டிசம்பரில் வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.18 முதல் துனாரின் பிரிஃபரன்சஸில் ஷார்ட்கட்ஸ் டேப் இருக்கிறது. அது இருந்தால் அங்கேயே மாற்றுங்கள். எப்படி மாற்றினாலும் தனி எழுத்தை மட்டும் ஷார்ட்கட்டாக வைக்காதீர்கள். டீசல் ஃபோல்டருக்குத் தாவ நினைத்து 'டி' அடிப்பீர்கள், அது வேறு வேலையைச் செய்துவிடும்.