முழு மழைக் கோப்பில் மன்னார்குடியை மட்டும் எடுப்பது

ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் போதும், "இந்த மாதிரி மழை எந்த வருஷம் பெய்தது?" என்ற பேச்சு எங்கள் பக்கம் தொடங்கிவிடும். சம்பா பயிர் தண்ணீரில் நிற்கும்போது அது வெறும் பேச்சும் இல்லை. அதற்குப் பதிவிலிருந்தே பதில் எடுக்கலாம். சாதாரண லேப்டாப்பும் பைத்தான் நிரல்மொழியும் போதும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகம், 1901 முதல் நாட்டின் தினசரி மழையளவை 0.25 பாகைக் கட்டங்களாகத் தருகிறது. வருடத்துக்கு ஒரு பைனரி கோப்பு, அதாவது எழுத்தாக இல்லாமல் வெறும் பைட்டுகளாகச் சேமித்தது. உள்ளே தலைப்பு, தேதி, ஊர்ப் பெயர் எதுவும் கிடையாது. வரிசையாக எண்கள் மட்டும், ஒவ்வொன்றும் 4 பைட். தென்மேற்கு மூலையில், 6.5 வடக்கு 66.5 கிழக்கில் தொடங்கி, முதலில் கிழக்கே 135 கட்டம் நகரும். அப்புறம் ஒரு வரிசை வடக்கே ஏறும். இப்படி 129 வரிசை முடிந்தால் ஒரு நாள்.

நிரல் எழுதும் முன் தாளில் கணக்குப் போடுங்கள். 135-ஐ 129-ஆல் பெருக்கினால் 17,415 எண்கள். அதாவது ஒரு நாளுக்கு 69,660 பைட். 365 நாளுக்கு 2,54,25,900 பைட் (லீப் வருடமென்றால் 366-ஆல் பெருக்குங்கள்). உங்கள் கோப்பின் அளவு சரியாக இதுதானா என்று பாருங்கள். ஒரு பைட் வித்தியாசம் இருந்தாலும் மேலே போகாதீர்கள். பதிவிறக்கம் பாதியில் நின்றிருக்கும், இல்லையென்றால் அது வேறு கோப்பு.

மன்னார்குடி ஏறக்குறைய 10.67 வடக்கு, 79.45 கிழக்கு. பக்கத்துக் கட்டப் புள்ளி 10.75, 79.5. தெற்கிலிருந்து எண்ணினால் 17-ஆம் வரிசை, மேற்கிலிருந்து 52-ஆம் இடம், இரண்டும் பூஜ்யத்திலிருந்து. 17-ஐ 135-ஆல் பெருக்கி 52 கூட்டினால் 2,347. நான்கால் பெருக்கினால் 9,388. எந்த நாளை எடுத்தாலும், அந்த நாள் தொடங்கும் இடத்திலிருந்து 9,388 பைட் தள்ளித்தான் எங்கள் ஊர் இருக்கும்.

கஜா புயல் கரையைக் கடந்த 2018 நவம்பர் 16-ஐ எடுப்போம். அது வருடத்தின் 320-ஆவது நாள். அதற்கு முன் 319 நாள். 319-ஐ 69,660-ஆல் பெருக்கி 9,388 கூட்டினால் 2,22,30,928. கோப்பை 'ஆர்பி' (rb, பைனரியாகப் படிக்க மட்டும்) முறையில் திறந்து, குறிப்பிட்ட இடத்துக்குத் தாவும் சீக்கில் (seek) இந்த எண்ணைக் கொடுத்து, ரீடில் (read) 4 பைட் மட்டும் கேளுங்கள். வந்ததை, பைட்டுகளை எண்ணாக்கும் ஸ்ட்ரக்டின் அன்பேக்கில் (struct.unpack) லிட்டில் எண்டியன் (சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வரும் வரிசை) ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) மாற்றினால் மில்லிமீட்டரில் மழை கிடைக்கும். அந்தத் தேதிக்கான மழை என்றால் முதல் நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்தது. புயல் விடியும் முன்பே கரை கடந்ததால், 17-ஆம் தேதி எண்ணையும் சேர்த்தே பாருங்கள்.

பைட் வரிசை சரியா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. கோப்பின் முதல் 4 பைட் அரபிக்கடலின் நடுவில் விழுகிறது. அங்கே பதிவு இல்லை, ஆகவே -999 வர வேண்டும். வேறு ஏதாவது விசித்திரமான எண் வந்தால் வரிசையைத் திருப்பிப் போட்டுப் படிக்கிறீர்கள்.

ஒரு நாளுக்கு இது போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை முழுவதும் வேண்டுமானால் பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பையின் மெம்மேப் (numpy.memmap) வசதியானது, கோப்பை வட்டிலேயே வைத்துக்கொண்டு அணிபோலப் படிக்கலாம். வகை ஃப்ளோட்32, வடிவம் 365, 129, 135 என்று சொல்லுங்கள். முறையை 'ஆர்' (r, படிக்க மட்டும்) என்று கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் எழுதும் அனுமதியோடு திறக்கும், மூலக் கோப்பு கெட வாய்ப்புண்டு. பிறகு 273 முதல் 365 வரை, 17, 52 என்று வெட்டினால் 92 எண்கள் வரும் (நாளும் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும், 365 சேராது). இயங்குதளம் நாம் தொட்ட பக்கங்களை (கோப்பின் சிறு துண்டுகளை) ஒட்டித்தான் வட்டிலிருந்து எடுக்கும், முழுக் கோப்பும் மெமரிக்கு வராது. மாறாக, வருடம் முழுவதையும் பைத்தான் லிஸ்ட்டாக மாற்றினால் 25 எம்பி கோப்பு 200 எம்பி வரை இடம் பிடிக்கும். நூறு வருடத்தை அப்படி ஏற்றப் பார்த்தால் லேப்டாப் திணறிவிடும்.

கூட்டும் முன் -999-களை நீக்குங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கரையோரத்துக்குக் கட்டம் தேர்ந்தெடுக்கும்போது இதில் கூடுதல் கவனம் வேண்டும், ஒரு கட்டம் தள்ளினால் கடல். லீப் வருடத்தில் அக்டோபர் 1-இன் எண் 274 ஆகிவிடும், வடிவத்திலும் 366 என்று போட வேண்டும். வருடத்தைப் பார்த்து முடிவு செய்வதைவிட, கோப்பின் அளவை 69,660-ஆல் வகுத்து நாள் எண்ணிக்கையை நிரலே கண்டுபிடிக்கும்படி எழுதிவிடுங்கள்.