ஒன்ராறியோவில் உயில் எழுதுதல்: புதிதாக வந்தவர்களுக்கு

உயில் இல்லாமல் இறந்தால் சொத்தை அரசாங்கம் எடுத்துவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியல்ல. உரித்தாளர் இருந்தால் அவர்களுக்குத்தான் போகும். பங்கை மட்டும் சட்டம் முடிவு செய்யும். ஒன்ராறியோவில் முதல் 350,000 டொலர் மனைவிக்கு, அல்லது கணவனுக்கு. மிச்சத்தில், ஒரே பிள்ளை என்றால் சரிபாதி. ஒன்றுக்கு மேல் இருந்தால் துணைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. 650,000 டொலர் சொத்தும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மனைவிக்கு 450,000, பிள்ளைகளுக்குத் தலா 100,000.

பிள்ளைகள் சின்னவர்கள் என்றால்தான் இடைஞ்சல். அவர்களின் பங்கு நீதிமன்றக் கணக்கில் கிடக்கும், தாய்கூட நினைத்தபடி எடுக்க முடியாது. 18 வயதானதும் முழுத்தொகையும் பிள்ளை கைக்கு வரும். அந்த வயதில் அவ்வளவு காசு நல்லதா என்று நீங்களே யோசியுங்கள். சட்டப்படி கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவருக்கு இந்தப் பங்கே இல்லை. கோயிலில் தாலி கட்டிவிட்டு கல்யாணப் பதிவைத் தள்ளிப்போட்டவர்கள் கவனிக்கவும்.

அச்சடித்த உயிலில் கடைசியில் உங்கள் கையெழுத்து வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருந்து அதைப் பார்த்து, தாங்களும் ஒப்பமிட வேண்டும். எங்கள் ஆட்கள் பிழைவிடுவது இங்கேதான்: மகளுக்கு வீட்டை எழுதிவிட்டு மருமகனைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். பயன்பெறுபவரோ அவரின் துணையோ சாட்சியாக இருந்தால் உயில் நிற்கும், ஆனால் அவருக்கு எழுதியது பொதுவாகச் செல்லாது. சாட்சி இல்லாமலும் எழுதலாம். அப்படியென்றால் முழுவதும் உங்கள் கையாலேயே எழுதி ஒப்பமிட்டிருக்க வேண்டும். கடையில் வாங்கிய படிவத்தை நிரப்பினால் அது கையால் எழுதிய உயில் ஆகாது. மூலப்பிரதியைப் பத்திரமாக வையுங்கள், நீதிமன்றம் அதைத்தான் கேட்கும்.

இறந்தவரின் சொத்தைக் கையாள நீதிமன்றச் சான்றிதழ் எடுக்க, சொத்தின் முதல் 50,000 டொலருக்கு வரி இல்லை. அதற்கு மேல் ஆயிரத்துக்கு 15 டொலர். கணவன் மனைவி கூட்டுரிமையில் (ஒருவர் இறந்தால் மற்றவருக்கே போகும்படி) வைத்திருக்கும் வீடும், பணம் யாருக்கு என்று பெயர் குறித்த ஆயுள் காப்புறுதியும் இந்தக் கணக்கில் வராது. ஆனால் வேலையிடத்துக் காப்புறுதியில் கல்யாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைப் போட்டிருந்தால், உயிலில் ‘எல்லாம் மனைவிக்கு’ என்று எழுதினாலும் அது மாறாது. படிவத்தைக் கேட்டு வாங்கி மாற்றுங்கள்.

ஊர்க்காணி வேறு கதை. இலங்கையில் உயிலுக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் வேண்டும். அதனால் காணிக்கு அங்கே தனி உயில் எழுதுவது நல்லது. ஆனால் ‘முன்பு எழுதிய உயில்கள் எல்லாம் ரத்து’ என்ற வரி பெரும்பாலான உயில்களில் வழமையாக வரும். பிறகு எழுதுவதில் அது அப்படியே இருந்தால் முந்தியது போய்விடும். இரண்டு நாட்டுச் சட்டத்தரணிகளிடமும் மற்ற உயில் இருப்பதைச் சொல்லி, அந்த வரியை அந்தந்த நாட்டுச் சொத்துக்கு மட்டும் என்று திருத்தச் சொல்லுங்கள்.