சிஎன்ஜி கார்: வாங்கும் முன் போடும் கணக்கு முதல் சிலிண்டர் சோதனை வரை

பெட்ரோலைச் சாதாரணத் தகரத் தொட்டியில் வைத்துக்கொண்டு ஓட முடிகிறது. சிஎன்ஜி எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவோ வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில், சில நாடுகளில் 250 மடங்கு வரையிலும், சிலிண்டருக்குள் அடைத்து வைக்கப்படுகிறது. டிக்கியில் இடம் குறைவது, வாயு நிரப்பும் முறை, கார் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலில் கிளம்புவது, சிலிண்டருக்குக் குறிப்பிட்ட கெடுவில் சோதனை செய்வது என்று புதிதாகக் கற்க வேண்டியவை பெரும்பாலும் இந்த அழுத்தத்தால் வருபவையே. அதை நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: முதலில் கணக்குப் போடுங்கள்

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். ஒரு கிலோ வாயுவில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்கு நிகரான ஆற்றல் இருக்கிறது. ஆனால் அது அடைத்துக்கொள்ளும் இடத்தைப் பார்த்தால் நிலைமை தலைகீழாக மாறிவிடும். 60 லிட்டர் தண்ணீர் பிடிக்கக்கூடிய சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தில் 9 முதல் 10 கிலோ வாயுதான் அடங்கும். அவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டும் அது 14 லிட்டர் பெட்ரோல் ஓடுகிற தூரத்துக்கே ஓடும். முழுவதும் எஃகால் செய்த சிலிண்டர் என்றால் அதன் எடையே 60 கிலோவை ஒட்டி வரும்.

ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் பெட்ரோல் செலவிலிருந்து வாயுச் செலவைக் கழியுங்கள். சிஎன்ஜிக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையை அந்த மிச்சத்தால் வகுத்தால், போட்ட பணம் திரும்ப எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்தத் தூரத்தை மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள் ஓட்டப்போவதில்லை என்றால் இந்த மாற்றம் தேவையில்லை என்பதே என் கருத்து. நிரப்பு நிலையம் அன்றாடம் போகும் வழியில் இல்லாதவர்களுக்கும் இதையே சொல்வேன்.

படி 2: தொழிற்சாலைப் பொருத்தமா, தனிக் கிட்டா?

தொழிற்சாலையிலேயே சிஎன்ஜி பொருத்தி வரும் கார் கிடைக்குமானால் அதையே எடுங்கள். வால்வு இருக்கைகள் (எஞ்சின் வால்வுகள் மூடும்போது பதியும் வளையங்கள்), பின்பக்க ஸ்பிரிங்குகள், எஞ்சினின் கணினி அமைப்பு ஆகியவை வழக்கமாக அதில் வாயுவுக்கும் கூடுதல் எடைக்கும் ஏற்றபடி மாற்றப்பட்டிருக்கும். இருக்கும் காரையே மாற்றுவதாக இருந்தால், இன்ஜெக்டர் (எரிபொருளைப் பீய்ச்சும் கருவி) உள்ள எஞ்சினுக்கு, அதன் ஒவ்வொரு எரிகலனுக்கும் தனித்தனியாக வாயுவைச் செலுத்தும் சீக்வென்ஷியல் கிட் பொருந்தும்; வாயுவையும் காற்றையும் ஒரே இடத்தில் கலந்து அனுப்பும் பழைய மிக்ஸர் வகை, கார்புரேட்டர் காலத்து எஞ்சின்களுக்கு உரியது. பெட்ரோலை நேரடியாக எரிகலனுக்குள் பீய்ச்சும் எஞ்சினாக இருந்தால், அதற்கென்றே தயாரிக்கப்பட்ட கிட் உள்ளதா என்று கேட்டறியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அவ்வகை எஞ்சினில் பெட்ரோல் இன்ஜெக்டரின் நுனியைக் குளிர்விப்பதே அதன் வழியே பாயும் பெட்ரோல்தான்.

கிட் பொருத்தும் முன், பெட்ரோலிலேயே எஞ்சின் சீராக ஓடுகிறதா என்று சோதியுங்கள். மீத்தேனைப் பற்றவைக்கக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுவதால், தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் வலுவிழந்த இக்னிஷன் காயிலும் பெட்ரோலில் ஓரளவு சமாளித்து ஓடினாலும் வாயுவில் தடுமாறும். சிலிண்டரின் மேல் ஐஎஸ்ஓ 11439 போன்ற தரக் குறியீடும், வரிசை எண்ணும், காலாவதி ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதை நேரில் பார்த்துச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். வாகனப் பதிவிலும் காப்பீட்டிலும் எரிபொருள் மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

படி 3: வாயு போகும் வழியை அறிந்துகொள்ளுங்கள்

டிக்கியைத் திறந்து முதலில் சிலிண்டரின் தலையில் உள்ள வால்வைக் கண்டுபிடியுங்கள். கையால் மூடக்கூடிய அந்த வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பதைக் காரில் ஏறும் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதோடு சேர்ந்தே அமையும் பாதுகாப்பு அடைப்பான், தீப்பிடித்தால் ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸில் உருகி, சிலிண்டர் வெடிப்பதற்கு முன்பே வாயுவை வெளியே விட்டுவிடும்.

அங்கிருந்து எஃகுக் குழாய் வழியாக எஞ்சின் அறைக்கு வரும் வாயுவை ரெடியூசர் என்னும் கருவி ஒரு சில பார் அழுத்தத்துக்குக் குறைக்கிறது. அழுத்தம் அப்படிச் சட்டென்று விழும்போது வாயு கடுமையாகக் குளிரும் என்பதால், ரெடியூசர் உறைந்துவிடாமல் இருக்க எஞ்சினின் சூடான கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம்) அதன் வழியே ஓடுகிறது. பெரும்பாலான கார்கள் பெட்ரோலில் கிளம்பி, கூலன்ட் சூடான பிறகே வாயுவுக்கு மாறுவதற்கு இதுதான் காரணம். கூலன்ட் மட்டம் குறைந்தால் வாயுவில் ஓடுவதும் பாதிக்கப்படும்.

படி 4: வாயு நிரப்புதல்

நிரப்புமிடத்தில் எஞ்சினையும் விளக்குகளையும் அணைத்து, கைப்பிரேக் போட்டு, குழந்தைகள் உட்பட அனைவரும் இறங்கி நிற்க வேண்டும். புகைபிடிப்பதும் கைபேசியில் பேசுவதும் கூடாது. நாசிலை மாட்டும் முன் நிரப்பு வாயின் தூசி மூடி கழற்றப்படும்போது உள்ளே மண்ணோ கிழிந்த ஓ-ரிங்கோ இருக்கிறதா என்று பாருங்கள். நிரப்பும்போது வரும் சீறல் சத்தத்துக்குப் பெரும்பாலும் அந்தச் சிறிய ரப்பர் வளையமே காரணமாக இருக்கும்.

வேகமாக நிரப்பும் நிலையத்தில் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும், ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. சிலிண்டருக்குள் திணிக்கப்படும் வாயு சூடேறுகிறது. சூடான வாயு குறைந்த அளவிலேயே 200 பாரைத் தொட்டுவிடும். ஒரு மணி நேரம் கழித்துச் சிலிண்டர் ஆறியதும் அழுத்தமானி கீழே இறங்கியிருப்பதைப் பார்த்து, வாயு கசிந்துவிட்டதாகப் புதியவர்கள் பதறுவதுண்டு. வாயு எங்கும் போகவில்லை, சூடு தணிந்ததால் அழுத்தம் இறங்கியிருக்கிறது, அவ்வளவே. இதே காரணத்தால், இரவு முழுவதும் மெதுவாக நிரப்பும் கருவி இருந்தால் அதே சிலிண்டரில் கூடுதல் வாயு ஏறும். அழுத்தமானியை நம்பாமல், நிரப்பும் இயந்திரம் காட்டும் கிலோ அளவைக் குறித்துவைத்து, அடுத்த முறை நிரப்பும் வரை ஓடிய தூரத்தை அதனால் வகுத்துப் பாருங்கள். உண்மையான மைலேஜ் அதுவே. கிளம்பும் முன் குழாய் கழற்றப்பட்டதையும் தூசி மூடி மீண்டும் போடப்பட்டதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

படி 5: ஓட்டுதல்

வாயுவில் இழுவை ஏறத்தாழ பத்து சதவீதம் குறையும். மீத்தேன் முழுமையாக எரிய அதன் கனஅளவைப் போல் ஒன்பதரை மடங்கு காற்று வேண்டும். எஞ்சின் உள்ளிழுக்கும் கலவையில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பங்கை வாயுவே பிடித்துக்கொள்கிறது. மேடு ஏறும்போதும் முந்தும்போதும் ஒரு கியர் குறைத்துக்கொண்டால் போதும். பெட்ரோல் டேங்கைக் காலியாக விடாதீர்கள்: டேங்குக்குள் இருக்கும் பம்பு பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் குளிர்ச்சியாக இருக்கும். வாரம் ஒரு முறையாவது சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டினால் பெட்ரோல் இன்ஜெக்டர்களும் அடைபடாது.

படி 6: கசிவு வாடை வந்தால்

மீத்தேனுக்கு மணமில்லை; நாம் உணரும் வாடை, கசிவை அறிவதற்காகச் சேர்க்கப்படுவது. காற்றைவிட மீத்தேன் ஏறத்தாழப் பாதி எடையே உள்ளதால் திறந்த வெளியில் மேலெழுந்து கலைந்துவிடும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் மட்டுமே அது பற்றும், தானாகத் தீப்பிடிக்க 500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் மூடிய கார் கொட்டகையில் அது கூரைக்கடியில் தேங்கும் என்பதால், கொட்டகையின் மேற்பகுதியில் காற்றுப்போக்கி அவசியம்.

வாடை வந்தால் காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லோரையும் இறக்கி, கதவுகளைத் திறந்துவிட்டு, சிலிண்டர் வால்வை மூடுங்கள். வேறு எந்த மின் சுவிட்சையும் தொடாதீர்கள். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். அழுத்தம் உள்ள இணைப்பை நீங்களே ஸ்பேனரால் முறுக்கக் கூடாது, அது பயிற்சி பெற்றவரின் வேலை. சிறு கசிவு என்று அலட்சியமாக விடுவது சுற்றுச்சூழலுக்கும் கேடு. அதே ஆற்றலுக்குப் பெட்ரோலைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவான கரியமில வாயுவை வெளியிடுவது இந்த எரிபொருளின் சிறப்பு. எரியாமல் வெளியேறும் மீத்தேனோ, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் முப்பது மடங்கு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது.

படி 7: பராமரிப்பும் சிலிண்டர் சோதனையும்

காற்று வடிகட்டி, வாயு வடிகட்டி, ஸ்பார்க் பிளக் ஆகியவற்றைத் தயாரிப்பாளர் சொன்ன கெடுவில் மாற்றுங்கள். எஞ்சின் வால்வுகளின் இடைவெளியையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டரைத் தண்ணீர் நிரப்பி அழுத்திச் சோதிக்கும் ஹைட்ரோ டெஸ்ட் அல்லது நேர்ப்பார்வைச் சோதனை எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்பது நாட்டுக்கு நாடு மாறுவதால், உங்கள் நாட்டு விதியைக் கேட்டறிந்து அடுத்த கெடுவைக் குறித்துவையுங்கள். விபத்தோ தீயோ நேர்ந்திருந்தால் கெடு வரும் வரை காத்திராமல் உடனே சோதிக்க வேண்டும். விபத்துக்குப் பின் பெயின்ட் அடித்துச் சூட்டறையில் உலர்த்துவதாக இருந்தால், உள்ளே சிஎன்ஜி சிலிண்டர் இருப்பதை முன்கூட்டியே சொல்லி, அதை இறக்கி வைக்கச் சொல்லுங்கள். காலாவதி ஆண்டைத் தாண்டிய சிலிண்டர் எவ்வளவு பளபளப்பாகத் தெரிந்தாலும் மறுபடி நிரப்பத் தக்கதல்ல. அதைப் பழைய இரும்புக் கடைக்கு விற்காமல், வாயுவை முறைப்படி வெளியேற்றி, மீண்டும் பயன்படாதபடி சிதைத்துவிடும் அங்கீகாரம் பெற்ற மையத்தில் ஒப்படையுங்கள்.